டிக்கியில் தேங்கும் தண்ணீர்: ஹோஸா, பூவாளியா, சோப்பு நுரையா?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய நாள்களில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த காரின் டிக்கியைத் திறந்தபோது, ஸ்டெப்னி டயர் பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தெருவில் ஓடிய தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை என்பதால், அது மேலிருந்து இறங்கிய மழைநீர்தான் என்பதில் ஐயமில்லை. பட்டறையில் டெயில் லேம்ப்பைச் சுற்றியும் டிக்கி மூடியின் ஓரத்திலும் சிலிகான் பூசித் தந்தார்கள். அடுத்த மழையிலேயே மறுபடியும் தண்ணீர் நின்றது. அதன் பிறகு எங்கள் காரிலும் உறவினர் இருவரின் கார்களிலும் கசிவைத் தேடும் முறைகளை ஒவ்வொன்றாக நானே செய்து பார்த்தேன்.

ஸ்டெப்னி பள்ளம் டிக்கியின் மிகத் தாழ்வான இடம். எங்கே நுழைந்த தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும் என்பதால், பள்ளத்தை மட்டும் பார்த்துக் கசிவின் மூலத்தைச் சொல்லிவிட முடியாது. டெயில் லேம்ப்பின் பின்னுள்ள கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் தடுக்கும் மெத்தை), டிக்கி வாயைச் சுற்றிய ரப்பர் பட்டையான பீடிங், கூரையின் ஓரத்தில் தகடுகள் இணையும் வாய்க்கால், பின் கண்ணாடி, ஆன்டெனாவின் அடி, பின் பம்பருக்குள் மறைந்திருக்கும் காற்றுப் போக்கி மடல்கள் ஆகிய எல்லாமே நுழைவாயில்களாகலாம். பின் கண்ணாடிக்கு வைப்பர் உள்ள ஹேட்ச்பேக் வண்டிகளில், கண்ணாடி கழுவும் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் விட்டுப்போனாலும் டிக்கி நனையும். மழையே பெய்யாத வாரத்தில் ஈரம் தெரிந்தால் முதலில் அந்தக் குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது ஹோஸ். ஒருவர் பின் இருக்கையை மடக்கி, டார்ச்சுடன் உள்ளே படுத்துக்கொள்ள, மற்றவர் வெளியிலிருந்து தண்ணீர் விடுவது நல்ல முறைதான். ஆனால் கூரையிலிருந்து தொடங்கினால் வண்டியின் பின்புறம் முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்து, எது எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகும். பம்பரின் அருகிலிருந்து தொடங்கி, ஓரிடத்துக்கு 3 நிமிடமாவது மெல்ல விட்டு, பிறகுதான் மேலே ஏற வேண்டும். சர்வீஸ் நிலையத்தின் அழுத்தப் பம்பை நான் அறவே ஒதுக்குகிறேன், ஏனெனில் மழை ஒருபோதும் நுழையாத இடுக்குகளிலும் அது தண்ணீரைத் திணித்து, இல்லாத ஓட்டையைக் காட்டிவிடும்.

இதே வேலையைப் பூவாளி இன்னும் நன்றாகச் செய்கிறது என்பது என் முடிவு. அதன் தலையிலிருந்து விழும் தண்ணீர் மழைத்துளியைப் போலவே அழுத்தமின்றி விழுவதோடு, லேம்ப்பின் மேல் மூலை, கீழ் மூலை என்று கையகல இடத்தைக்கூடத் தனியாக நனைக்க முடிகிறது. கோடையில் குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிப் பிடிக்கும் வேலூரில், ஹோஸைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் நிற்க எனக்கு மனம் வருவதில்லை. பூவாளிக்கு இரண்டு வாளி போதும். உள்ளே தகட்டின் மீது முன்கூட்டியே சாக்பீஸ் தூளையோ முகப்பவுடரையோ தூவிவைத்தால், முதல் சொட்டு இறங்கிய தடம் கோடாகத் தெரியும். எங்கள் வண்டியில் அந்தக் கோடு வலப்பக்க டெயில் லேம்ப்பின் மேல் மூலையில் தொடங்கி, உட்தகட்டைத் தழுவிக்கொண்டே பள்ளத்தில் இறங்கியது.

சோப்பு நுரை முறை இதற்கு நேரெதிரானது. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் ஊதுவிசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், காற்று கசியும் இடத்தில் குமிழி எழும். டிக்கிக்குள் யாரும் படுக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. ஆனால் உள்ளே சேரும் காற்று வெளியேறுவதற்கென்றே பம்பருக்குள் மடல்கள் இருப்பதால், அவற்றை டேப் ஒட்டி அடைக்காமல் செய்தால் அழுத்தமே ஏறாது. இருவர் இருந்தால் பூவாளி, ஒருவர் மட்டுமென்றால் நுரை. இரவில் டிக்கிக்குள் விளக்கை வைத்து வெளியே ஒளிக்கீற்றைத் தேடுவது பெரிய இடைவெளிகளை மட்டுமே காட்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் போய்வந்த பின் பீடிங்கின் உட்புறம் படிந்திருக்கும் புழுதிக் கோடு அதைவிடப் பயன்படும் தடயம். புழுதி நுழைந்த வழியில் தண்ணீரும் நுழையக்கூடும்.

இனி அடைப்பது. எங்கள் லேம்ப்பைக் கழற்றியபோது, பல கோடைகளின் வெயிலில் காய்ந்த கேஸ்கெட் பிஸ்கட்டைப் போல உடைந்தது. பட்டறையில் பூசிய சிலிகானோ வெளி ஓரத்தில் மட்டும் இருந்தது. மேலே விட்டுப்போன சிறு இடைவெளியில் புகுந்த மழைநீர், வழிந்து வெளியேற வழியின்றி அந்தச் சிலிகானுக்குப் பின்னே தேங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. புளிக்காடி வாசனை வீசும் மலிவான சிலிகான் காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுவதால், பெயின்ட் உரிந்த தகட்டில் துருவையும் தூண்டும். அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது. லேம்ப்புக்குப் புதிய கேஸ்கெட் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, கிடைக்காவிட்டால் பிசுபிசுவென ஒட்டும் ரப்பர் நாடாவான பியூட்டைல் நாடா. அது கெட்டியாகி வெடிப்பதில்லை, பல்ப் மாற்ற லேம்ப்பை மீண்டும் கழற்றவும் விடும். நட்டுகளை மட்டும் அளவோடு முடுக்க வேண்டும், இல்லையென்றால் லேம்ப்பின் பிளாஸ்டிக் திருகு முனைகள் ஒடிந்துவிடும்.

தகடுகள் இணையும் வாய்க்காலில் கசிவு என்றால் பியூட்டைல் உதவாது. அங்கே பழைய பூச்சைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீலன்ட்டை இழுத்து, அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். எம்-சீல் போன்ற எபாக்சி அங்கே கல்லாக இறுகிவிடுவதால், வண்டியின் அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். பீடிங்கைப் பொறுத்தவரை, மூடிக்கும் பீடிங்குக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம்; தாள் தடையில்லாமல் வந்தால் அவ்விடத்தில் அழுத்தம் இல்லை. ரப்பர் இன்னும் மென்மையாக இருந்தால் டிக்கிப் பூட்டின் கொக்கியைச் சற்றே சரிசெய்தாலே போதும். நசுங்கிக் கெட்டியாகிவிட்டிருந்தால் புதிது போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்டெப்னி பள்ளத்தின் ரப்பர் அடைப்பானைக் கழற்றிவிட்டு, ‘வந்த தண்ணீர் தானே போகட்டும்’ என்று விடுகிறவர்களும் உண்டு. அது நுழைவை அடைப்பதில்லை. ஓடும்போது புகைக்குழாயின் புகையும் சாலைப் புழுதியும் அந்தத் துளை வழியே மேலேறும். கசிவைச் சரிசெய்யும் வரை தேங்கியதை வடிக்க மட்டும் அடைப்பானைத் திறக்கலாம். வடிந்ததும் கார்பெட்டையும் அடியிலுள்ள பஞ்சையும் வெயிலில் காயவைத்து, அடைப்பானை மீண்டும் மாட்டிவிட வேண்டும்.