ஒண்ணாம் வகுப்புச் சாமான் வாங்க லாங்கு பஜாரில் ஒரு கடை

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்று தண்ணீர் பாட்டிலுக்காக, அதைப் பின்னால் சொல்கிறேன். பிள்ளையை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கிற வேலூர்க்காரர்கள் பையும் ஷூவும் டிபன் பாக்ஸும் வாங்க எங்கெங்கேயோ அலைவதற்கு முன்னால், லாங்கு பஜார் சந்துக்குள் இருக்கிற இந்தச் சின்னக் கடையை ஒரு தடவை பார்த்துவிடலாம். விலை மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை, மற்ற இடத்தைவிடப் பத்து இருபது ரூபாய் கூடத்தான் இருக்கும். ஆனால் வாங்கப்போகிற சாமானைப் பிள்ளை கையில் கொடுத்துத் திறக்கச் சொல்கிற கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

டிபன் பாக்ஸ் கேட்டதும் கடைக்கார பாய் என்னிடம் தராமல் என் மகனிடம் நீட்டினார். நாலு பக்கமும் லாக் போடுகிற பிளாஸ்டிக் டப்பா, குழம்பு ஒழுகாது என்று நான் ஆசைப்பட்டது. பையன் இரண்டு லாக்கைத் தூக்கினான், மூன்றாவது வரவில்லை, உடனே பல்லை வைத்தான். "பல்லால கடிச்சா அது வேணாம்மா, அங்க போய் யாரு தொறந்து குடுப்பாங்க, பசியோட மூடிக்கினு வந்துடுவான்" என்று டப்பாவைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார். அப்புறம் மூடி லேசாக மேலே எழும்புகிற எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொடுத்தார், அதைப் பையன் மூன்று தரம் திறந்து மூடி, நாலாவது தரம் வேண்டுமென்றே சத்தமாக மூடினான். முப்பது நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒவ்வொரு டப்பாவாக மிஸ் திறந்து கொடுத்துக்கொண்டிருக்க முடியாது, யோசித்தால் நமக்கே தெரிகிற விஷயம்தான், கடையில் நிற்கும்போது மட்டும் தோன்றுவதில்லை.

ஷூவிலும் இதே கதைதான். லேஸ் வைத்தது பார்க்க அழகு, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முடிச்சுப் போட வராது, ஆறு ஏழு வயதாகும், அதுவரை ஒட்டுகிற பட்டிதான் சரி. பையனை உட்கார வைத்துப் பார்க்காமல் நிற்க வைத்து, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்கள். சாயங்காலம் போனால் இன்னும் நல்லது, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும், காலையில் எடுத்த அளவு சாயங்காலம் கடிக்கும். பாயிடம் பிடித்த இன்னொரு விஷயம், தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூரும் பேரணாம்பட்டும் பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஊரில் எல்லாக் கறுப்பு ஷூவையும் 'தோல்' என்று தள்ளிவிடுவார்கள், இவர் கேட்காமலே "இது ரெக்ஸின்தான், வெயில்ல கால் வேர்க்கும், பருத்தி சாக்ஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டார். நானூறு ரூபாய் ஷூவுக்கு அந்த நேர்மை போதும்.

யூனிஃபார்ம் இங்கே கிடையாது. ஆனால் பள்ளியில் வாங்கிய கால்சட்டையைக் கொண்டுபோனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற டெய்லர் கொக்கியை எடுத்துவிட்டு இடுப்புக்கு எலாஸ்டிக் வைத்துத் தருகிறார். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பள்ளியில் பிள்ளைக்கு வருகிற முதல் பெரிய பிரச்சினை அ, ஆ இல்லை, பாத்ரூமில் கொக்கி வராததுதான்.

பை விஷயத்தில் கொஞ்சம் சண்டை வந்தது, பையனுக்குச் சோட்டா பீம் படம் வேண்டும், அந்தப் படத்துக்கே நூற்றைம்பது ரூபாய் கூட. பாய் அதற்குள் தலையிடவில்லை, முதுகைவிட அகலமான பை வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி முதல் இரண்டு வகுப்புக்கும் பையின் எடை 1.6 கிலோவிலிருந்து 2.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். காலிப் பையே முக்கால் கிலோ இருந்தால் புத்தகத்துக்கு மிச்சம் என்ன இருக்கிறது? கடைசியில் படமில்லாத நீலப் பை, வெறும் துணி, தூக்கினால் எடையே தெரியவில்லை. பீம் ஸ்டிக்கராக வந்து ஒட்டிக்கொண்டார், பத்து ரூபாய்.

இப்போது பாட்டில். இருப்பதெல்லாம் ஒரு லிட்டர் ஸ்டீல், தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ, திருகு மூடி வேறு, பையன் கைக்குச் சுத்தமாக அசையவில்லை. டிபன் பாக்ஸுக்கு அவ்வளவு பார்க்கிற கடையில் அரை லிட்டர் பாட்டில் வைக்காதது ஏன் என்று புரியவில்லை, கேட்டால் "வேலூர் வெயிலுக்கு எல்லாரும் பெருசுதான் கேக்கறாங்க" என்கிறார். வேறு கடையில் வாங்கிக்கொண்டோம். பில் தருவதில்லை, சீட்டில் எழுதித்தான் தருகிறார்கள், ஆனால் மறுநாள் போய் சாக்ஸ் அளவை மாற்றியபோது மறுபேச்சு இல்லை.

அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பவர்களுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பை, காலணி, சீருடை, கிரேயான் எல்லாம் அங்கேயே இலவசம், காலை உணவும் 2023 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் உண்டு, மதியச் சாப்பாடும் இருக்கிறது. எலாஸ்டிக்குக்கு மட்டும் டெய்லரைப் பார்த்தால் போதும்.

வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், மண்டித் தெரு லோடு வண்டிகளுக்கு நடுவில் மாட்டினால் அரை மணி நேரம் போச்சு. ஜூன் பிறந்த பிறகு போனால் பாய்க்குப் பேசவே நேரம் இருக்காது, சின்ன சைஸ் ஷூவும் தீர்ந்துவிடும். மே நடுவிலேயே, பிள்ளை தூங்கி எழுந்த பிறகு கூட்டிப்போங்கள், பிள்ளை இல்லாமல் போனால் இந்தக் கடைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.