பத்தமடைப் பட்டுப்பாய்: நெய்தவர் பெயரோடு வாங்கினேன்

அண்ணன் மகள் கல்யாணச் சீருக்காகத் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் ஒரு வீட்டில் சொல்லிவைத்து பட்டுப்பாய், அதாவது பட்டு மாதிரி மெல்லிசாக நெய்த கோரைப்பாய், வாங்கினோம். விலை ஒன்பதாயிரம் ரூபாய். கொடுத்த காசு தகும். பாளையங்கோட்டையில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன், நிறங்களையும் கோடுகளையும் பார்த்தே பழகிய கண். அந்தக் கண்ணுக்கும் இந்தப் பாய் நிறைவாக இருக்கிறது.

நாலுக்கு ஆறடி. அரக்குச் சிவப்பு உடல், இரு தலைப்பிலும் பச்சை, கறுப்புப் பட்டைகள், நடுவில் பொண்ணு மாப்பிள்ளை பெயரும் முகூர்த்தத் தேதியும். பட்டு வேட்டி மாதிரி மடிகிறது, கோரை முறிவதில்லை. நான் ரொம்ப நேரம் பார்த்தது எழுத்துகளைத்தான். பாவு நூல் நேராக ஓடும், கோரை குறுக்கே போகும். இரண்டே திசைதான். அதற்குள் 'ண'வின் சுழிகளைக் கொண்டுவர வேண்டும். கிட்டப்போய்ப் பார்த்தால் சுழி படிப்படியாக ஏறி இறங்குகிறது, நாலடி தள்ளி நின்றால் வளைவாகிவிடுகிறது. எந்த இடத்தில் எத்தனை இழையைத் தாண்ட வேண்டும் என்பது நெய்கிறவர் மனக்கணக்கு. என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய வேலை.

பாவு எவ்வளவு நெருக்கம் என்பதைக் கவுண்ட் என்று சொல்கிறார்கள். பட்டுப்பாய் 100இலிருந்து 140 வரை போகும். அதற்குத் தகுந்தபடி கோரையும் மெலிய வேண்டும். தாமிரபரணிக் கரையோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்துக் காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, நூல் கனத்துக்குக் கிழிக்கிறார்கள். தரையோடு கிடக்கிற தறியில், நீளக் குச்சியின் நுனியில் ஒவ்வொரு இழையாகக் கோத்துச் செலுத்தி, அச்சால் நெருக்குகிறார்கள். தறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாலே விலையைப் பேரம் பேச வாய் வராது.

ஒரு குறை: ஓரத்தில் வைத்துத் தைத்த பட்டுத்துணியின் தையல் ஒரு மூலையில் தளர்ந்திருந்தது. சொன்னதும் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

இதற்கு முன்னால் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 'அசல் பத்தமடை' என்று விசைத்தறிப் பாயை எடுத்துப் போட்டார்கள். கோரை தடி, மடித்தால் மடங்கவில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஊர்ப் பெயரை இப்படி ஒட்டி விற்பது நெய்கிறவர்கள் வயிற்றில் அடிக்கிற காரியம். வாங்குகிறவர்கள் ஒரு முனையை மடித்துப் பாருங்கள், எத்தனை கவுண்ட் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

ஊர்ப் பெயர் என்றதும் 2025 ஜூன் மாதத்து மிலான் விவகாரம் நினைவுக்கு வருகிறது. இத்தாலிய ஆடை நிறுவனமான பிராடா, ஆண்கள் ஆடை அணிவகுப்பில் அச்சு அசலாக மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர்ச் செருப்பு மாதிரி ஒன்றைக் காட்டியது, கோலாப்பூர் என்று சொல்லவில்லை. இங்கே எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டது. எதிர்த்தது ரொம்பச் சரி. ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் போதுமா என்று அப்போதிருந்தே எனக்கு ஒரு கேள்வி. கான்வாஸில் நாலு கோடு இழுத்தவர் மூலையில் கையெழுத்துப் போடுகிறார், அது கலை. பாயில் வாங்குகிறவர் பெயர் வருகிறது, கல்யாண ஜோடியின் பெயர் வருகிறது. நெய்தவர் பெயர் வருவதில்லை, ஏனென்றால் அது 'கைவினை'. இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோவில் மண்டபத்தில் கல்லில் நரம்பு ஓடும் சிலைகளைப் பார்க்கும்போதெல்லாம் செய்தவர் பெயர் தெரியாமல் திரும்புகிறோம். அது நடந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. பத்தமடையில் நெய்தவர் நம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதாக ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். நெய்தது யார் என்று நான் கேட்டபோது ஆளுக்கு ஒரு பதில் வந்தது.

அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே நெய்கிற அக்காவிடம் கேட்டேன். "அக்கா, கீழ் ஓரத்துல உங்க பேரையும் நெய்ஞ்சிருங்க."

"எம் பேரா? பொண்ணு வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா டீச்சர்?"

"நாங்கதான் பொண்ணு வீடு. அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டு, முழுப் பெயர் வேண்டாம், முதல் எழுத்தும் ஊரும் போதும் என்றார். இத்தனை வருசம் நெய்து யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். வந்த பாயில் வலது மூலையில் பச்சைக் கோரையில் அந்த எழுத்து இருக்கிறது. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, நாங்களே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம்.

ஆர்டர் கொடுப்பவர்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், மழைக்காலம் என்றால் கோரை காய இன்னும் தாமதமாகும். பெயர்களைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், பிழை விழுந்தால் பிரித்து நெய்ய முடியாது. வீட்டில் மடித்து வைக்காமல் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நெய்பவர் சம்மதித்தால் அவர் பெயருக்கும் ஓரத்தில் இடம் விடச் சொல்லுங்கள்.