புல்வெட்டும் வண்டி: லான் டிராக்டரா, ஜீரோ டர்னா?

அமெரிக்காவில் ஒரு ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியவர்களுக்கு இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். இரண்டுமே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டிகள்தான்: லான் டிராக்டர் ஸ்டியரிங் வைத்த குட்டி டிராக்டர் மாதிரி; ஜீரோ டர்ன் பெரும்பாலும் இரண்டு கைப்பிடிகளால் ஓட்டுவது.

விலை: டிராக்டர் பெரும்பாலும் மலிவு.

வேகம்: ஜீரோ டர்ன்தான். நின்ற இடத்திலேயே திரும்பும்.

சரிவு: இங்கேதான் உஷார். ஜீரோ டர்னின் முன்சக்கரங்கள் சும்மா சுழல்பவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களே. ஈரப்புல்லில் அவை வழுக்கினால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. டிராக்டரில் ஸ்டியரிங் முன்சக்கரத்தைத் திருப்பும் என்பதால் சரிவில் அது கொஞ்சம் பரவாயில்லை. அதற்காகத் துணிந்துவிட வேண்டாம்: மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே அல்ல. 15 டிகிரிக்கு மேல் இரண்டுமே வேண்டாம்.

பராமரிப்பு: பெட்ரோல் வண்டி என்றால் வித்தியாசம் அதிகமில்லை. பிளேடில் கை வைக்குமுன் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள்.

மேடுபள்ளம் என்றால் டிராக்டர்; சமதரையில் நிறைய மரம் என்றால் ஜீரோ டர்ன்.