480 டொலருக்குக் கூலன்ட் மாற்றினேன், எஞ்சின் வெடித்தது: ஸ்காபரோ ஆட்கள் கவனம்

இரண்டு நாளாக வேலைக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். இன்று காலை மார்க்கம் வீதித் தரிப்பில் கால் விறைக்க நின்றபோதுதான் இதை எழுதியே தீருவது என்று முடிவெடுத்தேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதுங்கள் என்கிறாள் மனைவி. ஆறினால் எழுத மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய கராஜ். பெயர் சொல்லவில்லை. நம்மவருடையது, அது போதும். ஒக்ரோபர் 28 அன்று காரைக் கொண்டு போனேன். பதினொரு வயதுக் கார், ஹீற்றர் இளஞ்சூடாகத்தான் ஊதியது. அவர் பொனற்றைத் திறந்து கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றி அதைச் சூடேறாமலும் உறையாமலும் காக்கும் திரவம்) தாங்கியின் மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். விரல் முழுவதும் செங்கல் நிறத் துரு. "தம்பி, இது கூலன்ட் இல்லை, சகதி. இதோடு குளிருக்குள் இறங்கினால் எஞ்சினை மறந்துவிட வேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை, அதுதான் இப்போது எரிகிறது. பிறகு ஃபிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றித் தந்தார். ஊர் விசாரித்தார். அம்மா கரவெட்டி என்றதும், தன் பெரியம்மாவும் அங்கேதான் என்றார். அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன்.

முழுக்கக் கழுவி, புதிய தெர்மோஸ்ராற் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் பாகம்) போட்டு, புதுக் கூலன்ட் நிரப்ப 480 டொலர். காசாகத் தந்தால் வரி இல்லை. பற்றுச்சீட்டு கேட்டேன். "நமக்குள் என்ன தம்பி துண்டு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 62 டொலர் வரியை மிச்சம் பிடித்த கெட்டிக்காரன் அல்லவா!

டிசம்பர் முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் அடுக்குமாடியில் காரை நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விடுவோம், அங்கே உறைநிலை வருவதில்லை. ஜனவரியில் திருத்த வேலைக்காக அதை மூடினார்கள், கார்கள் எல்லாம் வெளியே நின்றன. 22ஆம் திகதி காலை, இரவெல்லாம் மைனஸ் 18இல் நின்ற காரை இயக்கினேன். பெல்ட் கீச்சிட்டது. ஹீற்றரில் பனிக்காற்று. ஆனால் வெப்பமானி முள் மேலே, மேலே, சிவப்புக்கே போய்விட்டது. வெளியே இந்தக் குளிர், உள்ளே எஞ்சின் கொதிக்கிறது. நான் நிறுத்துவதற்குள் ஏதோ 'டப்' என்றது. காருக்கு அடியில் வெளிறிய பச்சைத் தண்ணீர் ஓடியது.

இழுத்துச் செல்ல 140 டொலர். இரண்டாவது கராஜ்காரர் ஒரு துளியை எடுத்து, கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு குழாய்க் கருவியில் சோதித்துவிட்டு என்னையே பார்க்கச் சொன்னார். இந்தத் திரவம் தாங்குவது மைனஸ் 11 வரைதான். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி இருந்திருந்தால் மைனஸ் 37 வரை தாங்கியிருக்கும். முதல் கராஜ்காரர் கழுவிய குழாய்த் தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே தேங்கவிட்டு, அதன் மேல் ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றியிருக்கிறார் என்பது அவர் கணிப்பு. கூலன்ட்டின் சூட்டை ஆற்றும் ரேடியேற்றருக்குள் பனிக்கூழ் அடைத்ததால் சுற்றோட்டம் நின்று எஞ்சின் கொதித்திருக்கிறது. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும், இரும்பு இடம் கொடுக்காது. எஞ்சின் உடலில் உள்ள துளையை அடைத்திருந்த ஒரு மூடி தெறித்துவிட்டது. எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தது, அதாவது கூலன்ட் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது. தெர்மோஸ்ராற்றையும் கழற்றிக் காட்டினார். பழையதேதான், துருவோடு. பழைய எஞ்சின் ஒன்று வாங்கிப் போடவே 4,200 டொலராம். காரின் பெறுமதி அதற்குக் கிட்டவும் வராது.

முதல் அழைப்பில் நம்மவர் சொன்னது: "இந்தக் குளிருக்கு யாருடைய காரும் அப்படித்தான் தம்பி." அந்த வரிசையில் இருபது கார்கள் நின்றன, என்னுடையது மட்டும்தான் வெடித்தது. இரண்டாவது அழைப்பில், இடையில் நான்தான் தண்ணீர் ஊற்றியிருப்பேன் என்றார். தெர்மோஸ்ராற்றைப் பற்றிக் கேட்டதும், வாடிக்கையாளர் நிற்கிறார், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார். நேற்று நேரில் போனேன். பெரியம்மாவும் இல்லை, தேநீரும் இல்லை. வேலை செய்யும் பெடியன் வாசலிலேயே மறித்து, "முதலாளி அடுத்த கிழமை வரச் சொன்னார்" என்றான்.

அடுத்த கிழமை ஏன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் திருத்தினால் புதிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. இன்று 88ஆவது நாள். என் கையில் துண்டும் இல்லை. 480 டொலர் கொடுத்தேன் என்பதற்கு நானும் அவரும்தான் சாட்சி.

கூலன்ட்டை எப்படிப் பராமரிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத மறுபடி கொதிக்கிறது, அவசரத்துக்குச் சில மட்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு டொலரும் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சோதனைக் கருவி விலை குறைந்ததுதான், பனிக்கு முன் நீங்களே பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள், தண்ணீராகப் போனதும் பச்சையாகத்தான் தெரியும். கூடுதல் பாதுகாப்பு என்று கலக்காத கூலன்ட்டை மட்டும் ஊற்றவும் வேண்டாம், அது மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். ஹீற்றர் குளிர்காற்று ஊதி முள் ஏறினால் அடுத்த சந்திவரை ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கூலன்ட் இனிக்கும், நஞ்சு. என் தரிப்பிடத்தில் அந்தப் பச்சைக் கறை இன்னும் பனியோடு கிடக்கிறது. கீழ்வீட்டுப் பூனை அந்தப் பக்கம்தான் திரியும். போய்ச் சுரண்டி அள்ளிவிட்டு வருகிறேன்.