திருமண முன்தயாரிப்பு வகுப்பு: ஹாலுக்கு மூன்று நட்சத்திரம், அறைக்கு ஐந்து

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். நான் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையில் வளர்ந்தவள், அவர் கத்தோலிக்கர், கல்யாணம் அவருடைய கோவிலில். இரண்டு நாள் முன்தயாரிப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்தால்தான் தேதி உறுதி என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழுக்காகத்தான் போனேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. போகும் முன் இணையத்தில் தேடிப் பார்த்தால் "நல்லா இருந்தது", "தூக்கம் வந்தது" என்பதற்கு மேல் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் அமர்வு பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 2:24. அவர்கள் அதைத் தொடக்கநூல் என்கிறார்கள், ஆக ஆரம்பத்திலேயே எங்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்புச் சண்டை. என் பைபிளில் புருஷன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே "இசைந்திருப்பான்", இருவரும் "ஒரே மாம்சமாயிருப்பார்கள்". அவருடையதில் "ஒன்றித்திருப்பான்", "ஒரே உடலாய் இருப்பர்". மாம்சம் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு உடல் ஏதோ ஆஸ்பத்திரி வார்த்தை மாதிரி இருந்தது. அவருக்கோ மாம்சம் என்றால் கறிக்கடைதான் ஞாபகம் வருகிறதாம். எங்கள் முணுமுணுப்பு காதில் விழுந்து, வகுப்பெடுத்த ஃபாதர் சிரித்துக்கொண்டே சொன்னார்: இசைவதற்கும் ஒன்றிப்பதற்கும் பின்னால் இருக்கும் எபிரேயச் சொல் 'தபாக்', ஒட்டிக்கொள்வது என்று பொருள். ரூத் தன் மாமியார் நகோமியை விடாமல் பற்றிக்கொண்டாளே, அங்கேயும் இதே சொல்தான். ஹாலே சிரித்தது, முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் அந்த "விட்டு" என்ற சொல்லிலேயே முக்கால் மணி நேரம் நின்றார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. பெற்றோரைக் கைவிடுவதல்ல, அவர்களைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளை அப்படியேதான் இருக்கிறது. முதலிடம் யாருக்கு என்பதுதான் மாறுகிறது என்று, பல வருடம் குடும்பம் நடத்திய ஒரு அங்கிளும் ஆன்ட்டியும் மாறி மாறிப் பேசினார்கள். ஆன்ட்டி பேசும்போது அங்கிள் இரண்டு முறை குறுக்கிட்டார், மூன்றாவது முறை அவரே "சரி, நீயே சொல்லு" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். பாடத்தைவிட அது நன்றாகப் புரிந்தது.

இரண்டாவது அமர்வில் எனக்கு ஒரு ஆச்சரியம். கல்யாணத்தை நடத்திவைப்பது குரு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இலத்தீன் மரபுக் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமணம் என்ற அருளடையாளத்தை (சாக்ரமெந்து, இறையருளைத் தரும் சடங்கு) ஒருவருக்கொருவர் வழங்குவது மணமக்கள்தானாம், குரு திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. இருவரின் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது, வேறு யாரும் அதை அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு காலத்தில் இரண்டு பேர் தனியாக நின்று வாக்குச் சொல்லிக்கொண்டாலே அது திருமணமாம். பிறகு ஒருவர் "நான் சொல்லவே இல்லையே" என்று கைவிரித்தால் நிரூபிக்க வழியில்லை. அந்தச் சிக்கலுக்காகத்தான் 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கிழக்கத்திய மரபைச் சேர்ந்த கீழைத் திருச்சபைகளில் கதை வேறு, அங்கே குருவின் ஆசீரே மையம், மணமக்கள் தலையில் முடி சூட்டுவார்கள். இதை ஃபாதர் அரை நிமிடத்தில் தாண்டிவிட்டார், இன்னும் கேட்டிருப்பேன்.

எங்கள் சபையில் திருமணம் உடன்படிக்கை, அருளடையாளம் அல்ல. சீர்திருத்தவாதிகள் இரண்டை மட்டும்தான் அருளடையாளமாக எண்ணினார்கள், ஞானஸ்நானமும் நற்கருணையும். அப்படியானால் இவர்கள் மட்டும் ஏன் என்று கேட்டேன். எபேசியர் 5:32-இல் "இந்த இரகசியம் பெரியது" என்று வருகிறதே, அந்த 'இரகசியம்' இலத்தீன் பைபிளில் 'சாக்ரமெந்தும்'. ஒரு சொல்லை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை, ஆனால் பேச்சு அங்கிருந்து நிறைய வளர்ந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொண்டார். கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவுக்குக் கணவன் மனைவி உறவு அடையாளம் என்பதில் இரண்டு பக்கமும் சண்டையே இல்லை.

இதே எபேசியர் அதிகாரத்துக்கு மறுநாள் தனி அமர்வு. அங்கேதான் நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். அன்று வந்தவர் வேறொருவர். எடுத்த எடுப்பில் 22-ஆம் வசனம், "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்". அதற்கு முந்தைய வசனம் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பதை அவர் வாசிக்கவே இல்லை. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-இல் வினைச்சொல்லே கிடையாது, 21-இலிருந்துதான் இரவல் வாங்க வேண்டும். ஆக முந்தையதை விட்டுவிட்டுப் பிந்தையதை வாசிப்பது பாதி வாக்கியத்தை வாசிப்பது மாதிரி. கணவனுக்குச் சொன்னது இதைவிடக் கனமானது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும் என்பது. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. 1 கொரிந்தியர் 7:4-ஐத் தொடவே இல்லை. மனைவியின் உடலுக்குக் கணவன் அதிகாரி என்றால், கணவனின் உடலுக்கு மனைவி அதிகாரி என்று அதே மூச்சில் பவுல் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் இதை எழுதுவது சாதாரண விஷயமா?

பணம் பற்றிய அமர்வு வீண், "சிக்கனமாக இருங்கள்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசிய டாக்டர் தெளிவாகப் பேசினார், ஆனால் கேள்வி கேட்க நேரம் கொடுக்கவில்லை.

இனி அந்த அறை. கடைசியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். யாராவது வற்புறுத்தினார்களா, சாகும்வரை என்பதை ஏற்கிறாயா, பிள்ளைகளுக்கு மனம் திறந்திருக்கிறாயா என்று. அவர் வெளியே பெஞ்சில், நான் உள்ளே ஃபாதருக்கு எதிரே. முதல் நாள் வந்த அதே ஃபாதர். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க நானும் கையெழுத்துப் போட வேண்டுமோ என்ற பயம் எனக்கு ஒரு வாரமாக. தேவையில்லை, தன்னால் முடிந்ததைச் செய்வதாக வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கரான மாப்பிள்ளை மட்டும்தான், அது எனக்குத் தெரிந்திருந்தால் போதும் என்றார். அந்தத் தைரியத்தில், இரண்டு நாளாக ஹாலில் யாரும் கேட்காததைக் கேட்டேன். "தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்" என்றால், அடிக்கிற புருஷனோடும் இருந்துதான் ஆக வேண்டுமா ஃபாதர்?

பேனாவைக் கீழே வைத்தார். இல்லை என்றார். கணவனாலோ மனைவியாலோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ மனதிலோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து போக அதே திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது, அவசரம் என்றால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம். திருமணப் பிணைப்பு இருக்கும், ஆனால் ஒரே கூரையின் கீழ் கிடந்து சாக வேண்டும் என்று இயேசு சொல்லவில்லை. மத்தேயு 19-இல் அந்த வசனம், மனைவியை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவிடலாமா என்று ஆண்கள் கேட்ட கேள்விக்குப் பதில், அதை அடிவாங்குகிறவள் மேல் திருப்பக்கூடாது என்றார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் இதை ஹாலில் மைக்கில் சொல்லியிருக்க வேண்டாமா? முன்வரிசையில் சிரிக்காமல் இருந்த அந்தப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி தோன்றியதோ என்னவோ.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். முதல் நாள் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள், இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் நிரப்ப வேண்டும். அதை அங்கேயே விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். "நம் சண்டையை உன் அம்மாவிடம் சொல்வாயா?" என்பதற்கு நான் 'மாட்டேன்', அவர் 'சில சமயம்'. அந்தச் சில சமயம் எது என்று நேற்று ராத்திரி பதினொன்றரை வரை பேசினோம். மீதி இன்னும் ஆறு கேள்வி இருக்கிறது.