டிராப் ஏ ட்யூனிங்: பழைய 130-ஐத் தளர்த்துவதா, 145-க்கு மாறுவதா?

ஐந்து கம்பி பேஸ் கிட்டாரில் தடித்த கம்பியை மட்டும் பி-யிலிருந்து ஏ-வுக்கு இறக்கினால் டிராப் ஏ. கீழிருந்து மேலே ஏ, ஈ, ஏ, டி, ஜி. மற்ற நான்கு கம்பிகளும் பழைய இடத்திலேயே இருப்பதால் ஸ்கேல் (சுர வரிசை) வடிவங்கள் பெரிதாகக் குழம்பாது. அடிக்கம்பிக்கும் ஈ-க்கும் நடுவே ஐந்தாம் சுரத் தூரம் வந்துவிடுவதால் பவர் கார்டை (அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் சேர்ந்தது) ஒரே விரலில் அழுத்திவிடலாம். ஏழு கம்பி கிட்டார் டிராப் ஏ-வில் இருந்தால் பேஸ் அதற்குச் சரியாக ஓர் ஆக்டேவ் கீழே உட்காரும்.

கம்பி விஷயத்தில் மூன்று வழிகள் உண்டு. இருக்கிற 130 தடிமனுள்ள பி கம்பியையே தளர்த்தி வாசிக்கலாம். அந்த ஒரு கம்பியை மட்டும் 145-ஆக மாற்றலாம். அல்லது ஐந்தையுமே ஒரு முழுப் படி இறக்கி (ஏ, டி, ஜி, சி, எஃப்), செட்டையே தடிமனாக்கலாம். 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) பேஸில் டிராப் ஏ-தான் வேண்டுமென்றால் இரண்டாவது வழிதான் சரி என்பது இந்த அலசலின் நிலைப்பாடு. ஆனால் அது இலவசமாக வருவதில்லை. அதற்கான விலை நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சிறு கட்டை) இருக்கிறது. கம்பி வாங்குவதற்கு முன்பே அதை யோசித்துவிட வேண்டும்.

(130, 145 என்பவை கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. மில்லிமீட்டரில் 3.30, 3.68.)

தளர்த்திய 130

கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. பி 30.87 ஹெர்ட்ஸ், ஏ 27.5 ஹெர்ட்ஸ். சுருதி இரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) அளவுதான் இறங்குகிறது, ஆனால் இழுவிசையில் 20 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. 34 அங்குல ஸ்கேலில் 130 தடிமனுள்ள நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (வட்டக் கம்பி சுற்றிய) கம்பி பி-யில் சுமார் 34, 35 பவுண்டில் நிற்கும். ஏ-வில் அது 27-க்கு வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் ஈ, 100 தடிமனாக இருந்தால், 36 பவுண்டுக்கு மேல். கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்கள் கொஞ்சம் மாறும், விகிதம் மாறாது. வலது கை ஒரே அழுத்தத்தில் இரண்டு கம்பியையும் தட்டினால் ஒன்று விறைப்பாகவும் மற்றொன்று ரப்பர் போலவும் பதில் சொல்லும்.

இழுவிசை குறைந்த அளவுக்குக் கம்பி அகலமாக ஆடும். அதே பலத்தில் மீட்டினால் ஆட்டம் கால் பங்குக்கு மேல் கூடும். அதனால் முதல் ஐந்து ஃப்ரெட்களில் உலோகம் தட்டும் சத்தம் வரும். சேடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) உயர்த்தினால் சத்தம் அடங்கும். ஆனால் உயரமான கம்பியை அழுத்தும்போது அது கூடுதலாக நீள்கிறது, தளர்ந்த கம்பி அந்த நீட்சிக்குச் சுருதியில் அதிகம் எகிறும். இப்படி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். பலமாக மீட்டும்போது சுரம் முதலில் கொஞ்சம் மேலே எழும்பிப் பிறகு இறங்கி உட்காருவதும் இதே தளர்ச்சியால்தான்.

இன்னொன்று காதில் மட்டும் தெரியும். 27.5 ஹெர்ட்ஸ் அடிச்சுருதியைப் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் ஒழுங்காக வெளியே தள்ளுவதில்லை. நாம் ‘ஏ’ என்று கேட்பது 55, 82.5, 110 என்று மேலே அடுக்கப்பட்ட துணைச்சுருதிகளை வைத்துத்தான். கம்பியின் விறைப்பு அந்தத் துணைச்சுருதிகளைச் சற்று மேலே தள்ளும். இழுவிசை குறையக் குறைய அந்த விலகல் கூடும். ட்யூனர் பச்சை விளக்கு காட்டும்போதும் சுரம் கலங்கலாகக் கேட்பது இதனால்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழி யாருக்குமே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. விரலால் மென்மையாக வாசிப்பவர்கள், ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும் ஏ-வுக்கு இறங்கித் திரும்புகிறவர்கள் 130-லேயே ஓட்டலாம். 135 போட்டால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும், ஆனால் ஒன்றரை, இரண்டு பவுண்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிக் வைத்து இறுக்கமாக அடிப்பவருக்கு இந்த இரண்டுமே போதாது.

145

பி-யில் 130 தந்த அதே இழுவிசை ஏ-வில் வேண்டுமானால் தடிமனை 1.122-ஆல் பெருக்க வேண்டும். 146 வருகிறது. கடையில் கிடைக்கும் 145 அதற்கு மிக நெருக்கம். ஏ-வில் சுமார் 33 பவுண்டு. 100 தடிமனுள்ள ஈ-யோடு முழுச் சமநிலை வேண்டுமென்றால் கணக்கு 150 கேட்கும், அவ்வளவு தேவைப்படாது. அடிக்கம்பி பக்கத்துக் கம்பியைவிட மூன்று பவுண்டு இளகி இருப்பது பி-யில் பழகிய கைக்கு இயல்பாகவே இருக்கும்.

கழுத்துக்கும் இது நல்லது. மொத்த இழுவிசை ஏறக்குறைய பழையபடியே இருப்பதால் ட்ரஸ் ராடைத் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் தண்டு) தொட வேண்டி வராது.

வாங்கும்போது வெளித் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் கோர் கம்பியையும் பார்க்க வேண்டும். கம்பியின் விறைப்பு பெரும்பாலும் கோரிலிருந்து வருகிறது. கோரின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் அது நான்காம் அடுக்கில் ஏறும். மெல்லிய கோர் மேல் அதிக சுற்றுகள் போட்ட 145 தெளிவாகப் பேசும். தடித்த கோர் போட்ட 145 பியானோவின் கடைசிக் கட்டை மாதிரி உறுமும், சுருதி பிடிபடாது. கோர் அளவைப் பல கம்பெனிகள் உறையில் போடுவதில்லை. கடையில் கம்பியை வளைத்துப் பார்க்க முடிந்தால் எளிதாக வளைவதை எடுங்கள்.

பிரிட்ஜ் முனையில் சுற்றுகள் படிப்படியாகக் குறையும் டேப்பர் வகையையே பரிந்துரைக்கத் தோன்றுகிறது. முழுத் தடிமனில் வரும் கம்பி சேடில் மேல் சட்டென்று மடியாமல் வில் போல எழும்பி நிற்கும். அதிரும் நீளம் அதனால் குறைந்து, இன்டனேஷனுக்காக (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பதற்காக) சேடிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். கடைசியில் திருகில் இடம் தீர்ந்துவிடும். (அப்படித் தீர்ந்துவிட்டால் சேடிலுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள், சில மில்லிமீட்டர் கிடைக்கும்.) டேப்பர் கம்பி சேடில் மேல் தாழ்வாக உட்காரும் என்பதால், மாற்றியவுடன் சேடில் உயரத்தை ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு ‘கம்பி இரைகிறது’ என்று புகார் சொல்பவர்கள் நிறைய.

நட்: உண்மையான செலவு இங்கே

130-க்காக வெட்டிய நட் பள்ளம் சாதாரணமாக 3.4 மில்லிமீட்டர் அகலமிருக்கும். அதில் 3.68 மில்லிமீட்டர் கம்பி அடிவரை இறங்காது. இரண்டு விளிம்பிலும் தொங்கிக்கொண்டு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும். முதல் மூன்று ஃப்ரெட்களில் சுரம் ஷார்ப்பாகப் போகும், அழுத்தவும் கடினமாக இருக்கும். அதைவிடத் தொல்லை, கம்பி பள்ளத்தில் கவ்விக்கொள்வது. ட்யூனரைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது, பிறகு ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு நாலைந்து சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாவும். புதுக் கம்பி சுருதி நிற்கவில்லை என்று திட்டு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

பள்ளத்தை அகலப்படுத்தியே ஆக வேண்டும். அகலப்படுத்திய பள்ளம் மறுபடி குறுகாது. பின்னால் பி-க்குத் திரும்பி 130 போட்டால் கம்பி பள்ளத்துக்குள் பக்கவாட்டில் நகரும், திறந்த கம்பியில் இரையும். எலும்புத் தூளும் சூப்பர் க்ளூவும் வைத்து நிரப்பி மறுபடி வெட்டலாம், ஆனால் அது ஒட்டு வேலைதான். ஆகவே அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் அதே அளவில் இன்னொரு நட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேஸை விற்கும் எண்ணம் இருந்தால் பழைய நட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதில் மட்டும் வெட்டுங்கள். வாங்குகிறவர் எதிர்பார்ப்பது வழக்கமான பி ட்யூனிங்கைத்தான்.

வெட்டும் முறை: ஃப்ரெட்போர்டையும் ஹெட்ஸ்டாக்கையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். இலக்கு கம்பியைவிட 0.1 மில்லிமீட்டர் கூடுதல் அகலம், அதாவது 3.8-க்குச் சற்றுக் கீழே. அந்த அளவில் அரம் கிடைக்காவிட்டால் பழைய 130 கம்பித் துண்டில் 400 எண் உப்புத்தாளை ஒரு சுற்று சுற்றி, மொத்தத் தடிமனைக் காலிப்பரில் அளந்து பயன்படுத்தலாம். முதலில் பக்கச் சுவர்களை மட்டும் தேயுங்கள். ஈ கம்பிப் பக்கச் சுவரில் அதிகமும் வெளிச்சுவரில் குறைவாகவும் எடுத்தால் கம்பி ஃப்ரெட்போர்டின் ஓரத்துக்கு நகராது. பத்து இழுப்புக்கு ஒருமுறை கம்பியை வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் அடி ஹெட்ஸ்டாக்கை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், மிக உயர்ந்த புள்ளி ஃப்ரெட்போர்டுப் பக்க விளிம்பாக இருக்க வேண்டும். சரிவு தலைகீழானால் தம்பூராவில் கம்பிக்கடியில் நூல் வைத்தது போல ரீங்காரம் வரும். தம்பூராவுக்கு அது அழகு, பேஸுக்கு இல்லை. ஆழத்துக்கு, மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி முதல் ஃப்ரெட்டுக்கு மேல் பாருங்கள்: ஒரு தடித்த தாள் நுழையும் இடைவெளி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று தேய்த்த அந்தக் கடைசி இழுப்பில்தான் நட் வீணாகும்.

ட்யூனர் பக்கத்தில் ஒரே எச்சரிக்கை. கம்பியை ட்யூனர் தூணைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, முதலில் செங்குத்தாக மடித்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால், முக்கியமாக வட்டக் கோர் கம்பியில், சுற்றுகள் உள்ளே அவிழ்ந்து புதுக் கம்பி செத்துவிடும். தூணில் இரண்டு சுற்று போதும், கீழ்நோக்கிச் சுற்ற வேண்டும்.

முழு செட்டும் நீண்ட ஸ்கேலும்

ஐந்தையும் ஒரு படி இறக்கினால் எல்லாக் கம்பியையும் அதே 1.122-ஆல் பெருக்க வேண்டும்: 45-65-80-100-130 செட்டுக்குப் பதில் ஏறக்குறைய 50-73-90-112-146. விரல் அமைப்புகள் பி ட்யூனிங்கில் இருந்தபடியே இருப்பது பெரிய வசதி. ஆனால் ஐந்து பள்ளத்தையும் வெட்ட வேண்டும், மேலே ஜி-யும் கிடைக்காது. பழைய மெல்லிய செட்டையே இறக்கினால் மொத்தத்தில் 40 பவுண்டு போல இழுவிசை போய், கழுத்து நேராகி, கீழ் ஃப்ரெட்கள் எல்லாம் இரையத் தொடங்கும். பாட்டுகள் முழுக்க அந்தச் சுருதியிலேயே இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம்.

ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்துக்கும் இழுவிசை ஏறும். டிங்வால் நிறுவனத்தின் பேஸ்களில் இருப்பது போல அடிக்கம்பி 37 அங்குலமாக இருந்தால் அதே 130 கம்பியே 18 சதவீதம் கூடுதலாக இறுகும். 34 அங்குலத்தில் 145 தரும் இழுவிசைக்கு அது அருகே வந்துவிடுகிறது, நட்டையும் தொட வேண்டாம், ஒலியும் இன்னும் தெளிவு. அங்கே 145 தேடுவது வீண். 35 அங்குலத்தில் கிடைப்பது 6 சதவீதம்தான், அதற்கு 140 பொருத்தம். ஆறு கம்பி பேஸில் பி-க்குக் கீழே எஃப் ஷார்ப் (23.12 ஹெர்ட்ஸ்) வைக்க நினைத்தால் 170, 175 தடிமன் தேவைப்படும். நட்டோடு ட்யூனர் தூணின் துளையும் பிரச்சினையாகும், அது வேறு வேலை.

உலோகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பக்கம் சாயலாம். துணைச்சுருதிகள் தெளிவாக இருந்தால்தான் ஏ புரியும் என்பதால் அதன் பளிச்சென்ற ஒலி இங்கே உதவுகிறது. ஃப்ரெட்டைச் சற்று வேகமாகத் தேய்க்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நிக்கல் மென்மை, இளசாக இருக்கும்வரை நன்றாகவே இருக்கும். ஃப்ளாட்வவுண்டில் (தட்டையான சுற்றுள்ள கம்பி) இவ்வளவு கீழே போவது சிலருக்குப் பிடிக்கலாம், இறுக்கமான பிக் வாசிப்புக்கு ஒத்துவராது.

145-ஐத் தனிக் கம்பியாக வாங்குங்கள். சுற்றுகளுக்கு நடுவே அழுக்கு சேர்ந்து முதலில் மந்தமாவது அடிக்கம்பிதான். மற்ற நான்கும் நன்றாக இருக்க அதற்காகச் செட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. போட்டு முடித்ததும் பன்னிரண்டாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கில், அதாவது 55 ஹெர்ட்ஸில், சுருதி சேருங்கள். திறந்த ஏ-வைப் பல ட்யூனர்கள் பிடிக்காமல் தடுமாறும். இன்டனேஷனைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டோடு விட்டுவிடாமல் ஐந்திலும் ஏழிலும் ஒருமுறை சரிபாருங்கள், ஏனென்றால் இந்தக் கம்பியில் வாசிப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். பிக்கப்பின் அடிக்கம்பிப் பக்கத்தை அரைத் திருகு இறக்கினால் 145-இன் கூடுதல் சத்தம் மற்றக் கம்பிகளோடு சமமாகிவிடும்.