அஸ்தம்பட்டி ஸ்டுடியோவில் அம்மாவின் படம்

கறுத்த முகத்தை அதன் நிறத்திலேயே எடுத்துத் தரும் ஒரு ஸ்டுடியோவைச் சேலத்தில் இப்போதுதான் கண்டேன். அக்காவின் கல்யாணத்தின்போது வேறொரு ஸ்டுடியோவில் அவள் முகத்தை வெளுத்துக் கழுத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ஆல்பத்தை அவள் தன் பிள்ளைகளுக்கு இன்றுவரை காட்டியதில்லை.

அம்மாவுக்கு அறுபது நிறைந்ததையொட்டிச் சென்ற மாதம் அஸ்தம்பட்டியில் முதல் மாடியில் இருக்கும் இந்த ஸ்டுடியோவுக்கு அழைத்துச் சென்றேன். குடும்பப் படங்களில் எப்போதும் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பவர் அவர். "பவுடர் போட்டுக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டவரிடம், "வேண்டாங்கம்மா, சாம்பல் பூத்தாப்புல தெரியும்" என்று சொல்லி, கன்னத்தில் துளி தேங்காய் எண்ணெய் மட்டும் தடவச் சொன்னார் படம் எடுக்கும் பெண். வெள்ளைத் திரையை வைத்தால் கேமரா அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும் என்பதால், பழுப்புத் திரையை விரித்து, ஒளியை அம்மாவின் கன்னத்தருகே அளந்து, பெரிய மென்விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் நெருக்கமாக வைத்தார்.

இந்தக் கவனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தாள். கறுத்த தோலின் நுட்பங்கள் அந்த அளவுகோலுக்குள் வரவேயில்லை. அதற்கும் வெகு முன்பே, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத், 1864இல் மூக்குக்கண்ணாடியும் சால்வையும் பின்னல் வேலையுமாக மதிப்புக்குரிய ஒரு பெண்மணியாக அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு, அதைத் தானே விற்று வாழ்ந்தார். நம் காலத்தில் தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜனேலி முஹோலி, வீட்டுவேலை செய்து வாழ்ந்த தன் தாயை நினைத்து, துணி மாட்டும் கிளிப்புகளையே தலையணியாகச் சூடித் தன்னைப் படம் எடுத்தார். அந்தப் படம் அடங்கிய வரிசையில் தன் தோலை வேண்டுமென்றே இன்னும் கறுப்பாக்கிக் காட்டியிருக்கிறார். கறுப்பினப் பெண் என்றாலே வேலைக்காரி, கோபக்காரி என்று பழகிய கண்களை இப்படங்கள் நேருக்கு நேர் பார்க்கின்றன. நம் ஊரில் பெண் பார்க்க அனுப்பும் படத்தை வெளுக்கச் சொல்லும் பழக்கத்தையும் அப்படி நேராகப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் சிரமப்படுவார்கள். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன படம் பன்னிரண்டு நாள் கழித்தே வந்தது. சட்டத்தோடு சேர்த்து 2,500 ரூபாய். அந்த வேலைக்கு அது அதிகமில்லை.

அம்மாவின் படத்தில், இளம்பிள்ளை ஊர்ச் சேலையின் அரக்கு நிறமும், மூக்குத்தியின் ஓரத்தில் நிற்கும் ஒளியும், புறங்கையில் புடைத்த நரம்பும் தெளிவாகத் தெரிகின்றன. அம்மா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏற்காட்டில் இருக்கும் சித்திக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். நேற்று போன் செய்து, சித்திக்கும் சேர்த்தே நாள் குறித்துவிட்டேன்.